குழலை மாற்றுவதா? – யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சியும் படைக்கலப் பிரச்சினையும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர். சிங்கள மொழியிலும் அதனையொத்த சொல்லே வழங்குகின்றது. இச்சொற்கள் துருக்கிய மொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை என்பது அகராதியாசிரியர்களின் கருத்தாகும். பீரங்கி என்ற சொல்லோ பறங்கி என்ற சொல்லுடன் ஒரே மூலத்திற் பிறந்தது. வாளுக்கும் வேலுக்கும் வில்லுக்கும் சங்க காலந்தொட்டுத் தமிழில் தனிப்பெயர்கள் உண்டு. வெடிப்படைக்கலத்துக்கோ பிறர் தந்த பெயரே நிலைத்தது. கருவியும் பெயரும் ஒன்றாகவே கடல்வழி வந்து இறங்கின என்பதை மொழியே சான்று கூறி நிற்கின்றது.

யாழ்ப்பாண அரசு 1619 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்குக் காரணம் கூறுவோர் பெரும்பாலும் இரண்டினை எடுத்துரைப்பர். ஒன்று காட்டிக்கொடுப்பு, மற்றது அரண்மனைப் பூசல். இவ்விரண்டும் பொய்யல்ல. ஆயினும், இவற்றின் அடியிலே மூன்றாவது காரணமொன்று அதிகம் பேசப்படாது கிடக்கின்றது. வாளேந்திய அரசொன்று துவக்குக்கு மாறுவதா, மாறுவதாயின் எவ்வாறு மாறுவது என்ற வினாவே அது. கையிலுள்ள ஆயுதத்தின் குழலை மாற்றுவது எளிய செயலாகத் தோன்றும். ஆனால் அரசொன்றைப் பொறுத்தவரை அத்தீர்மானம் இரும்பையும் கடலையும் காலத்தையும் தழுவிய ஒன்றாகும். யாழ்ப்பாண அரசின் கடைசி எழுபத்தைந்து ஆண்டுகளை இந்நோக்கிலே காண்பது பயனுடையது.

குழலின் இயல்பு

பதினாறாம் நூற்றாண்டின் துவக்கு, தோற்றத்தில் மிக எளிமையான கருவி. ஒருபுறம் அடைபட்ட இரும்புக் குழல், அதனைத் தாங்கும் மரக்கட்டை, கனலும் திரியை மருந்தின் மேல் இறக்கும் ஒரு கொளுவி ஆகிய மூன்றுமே அதன் உறுப்புகள். இவற்றுள் கட்டையைத் தச்சன் செய்துவிடுவான். கொளுவியைச் சாதாரணக் கொல்லன் அடித்துவிடுவான். அருமை முழுவதும் குழலிலேயே தங்கியிருந்தது.

நீண்ட இரும்புத் தகட்டைக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, விளிம்புகள் ஒன்றோடொன்று உருகிப் பற்றுமாறு அடித்துச் சேர்த்தே அக்காலக் குழல்கள் ஆக்கப்பட்டன. பின்னர் உட்புறம் குடைந்து சீராக்கப்பட்டது. பொருத்தில் சிறு குறை இருப்பினும் மருந்து வெடிக்கும்போது குழல் பிளந்து, சுடுபவனையே கொன்றுவிடும். குழல் நீளுமாயின் வெடிவாயு குண்டை நெடுநேரம் தள்ளும்; குண்டு விரைந்து செல்லும். ஆயின் பாரம் கூடும். இரும்பும் கூடுதலாக வேண்டும். சுவரைத் தடிப்பாக்கினால் மருந்தைக் கூட்டி இடலாம். ஆனால் தூக்கி நடப்பது கடினம். குழலைக் குறுக்கினால் குதிரைவீரன் ஒரு கையாற் சுடத்தக்க கைத்துப்பாக்கி கிடைக்கும்; ஆனால் அதன் வலு அண்மையில் நிற்பவனை மட்டுமே எட்டும். ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை இழக்க வேண்டும் என்பதே குழற்கலையின் அடிப்படை விதியாகும்.

குழல் மாறும்போது அதனோடு வேறு பலவும் மாறவேண்டியிருந்தது. குண்டின் பருமன் குழலின் உள்வாய்க்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். மருந்தின் அளவும் அதற்கேற்ப மாறும். சுடுபவன் புதிதாகப் பயில வேண்டும். எனவேதான் வளமிக்க அரசுகளும் இவ்விடயத்தில் தயங்கின. மிகப் பிந்திய காலத்து எடுத்துக்காட்டொன்று இதனை விளக்கும். 1866 ஆம் ஆண்டளவில் பிரித்தானியப் படையினர், முன்வாயால் மருந்து இடப்படும் தம் என்பீல்ட் துவக்குகளைக் கைவிடவில்லை. சினைடர் என்பவரின் முறையைப் பின்பற்றிப் பழைய குழலின் அடிப்புறத்தை வெட்டித் திறந்து, பின்வாயால் தோட்டா இடத்தக்கவாறு திருத்தியமைத்தனர். அக்காலத்து உலகின் முதன்மையான கைத்தொழில் நாடே பழைய குழலைத் திருத்துவதா, புதிய குழலைச் செய்வதா என்று கணக்குப் பார்த்தது. அவ்வாறாயின் பதினாறாம் நூற்றாண்டின் சிற்றரசொன்றுக்கு அத்தீர்மானம் எத்துணைக் கடினமாயிருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

1543: இரு தீவுகளின் கதை

போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டளவில் கொழும்பை அடைந்தனர். அவர்களது பீரங்கி முழக்கம் இடியினும் பெரிதென்று மக்கள் கோட்டை மன்னனிடம் கூறியதாக இராசாவலிய என்னும் சிங்கள வரலாற்று நூல் பதிந்து வைத்துள்ளது. அன்று கேட்ட ஓசையிலிருந்த அச்சம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஒரு தலைமுறைக்குள்ளே இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் துவக்கு பழகிய பொருளாயிற்று. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் ஆதரவு பெற்ற மரக்காயர் கடற்படைகள் பீரங்கியும் துவக்கும் ஏந்திப் போர்த்துக்கேயரை எதிர்த்தன. 1538 இல் மண்டபத்துக்கு அண்மையிலுள்ள வேதாளையில் நடந்த போரில் அம்மரக்காயர் தோல்வியுற்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து பாக்கு நீரிணைக்கு மறுகரையிலே அப்போர் நிகழ்ந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1543 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேய ஆளுநர் மார்ட்டிம் அபொன்சோ டி சூசா கப்பற்படையுடன் யாழ்ப்பாணக் கடலுக்கு வந்தான். அப்போது நல்லூரில் ஆட்சி செய்தவன் முதலாம் சங்கிலி. கப்பற் பீரங்கியின் முன்னே அவன் திறை செலுத்த உடன்பட நேர்ந்தது. யாழ்ப்பாண அரசு வெடிப்படைக்கலத்தின் அரசியல் விலையை நேரடியாக உணர்ந்த முதற் சந்தர்ப்பம் இதுவே எனலாம்.

அதே 1543 ஆம் ஆண்டிலேதான் யப்பானின் தெற்கிலுள்ள தனேகசிமா என்னும் சிறுதீவில் போர்த்துக்கேயர் சிலர் கரையிறங்கினர். அத்தீவின் தலைவன் அவர்களிடமிருந்து இரண்டு துவக்குகளை விலைக்கு வாங்கினான். வாங்கியதோடு அமையாது, தன் வாட்கொல்லனிடம் கொடுத்து அவற்றைப்போற் செய்யுமாறு பணித்தான். கொல்லன் குழலை அடித்துவிட்டான். ஆனால் குழலின் அடிப்புறத்தைத் திருகாணியால் அடைக்கும் வித்தை அவனுக்குப் பிடிபடவில்லை. அடுத்த ஆண்டு வந்த பறங்கிக் கொல்லன் ஒருவனிடமிருந்து அதனைக் கற்றுக்கொண்டான் என்று பின்னர் எழுதப்பட்ட யப்பானிய நூலொன்று கூறும். ஒரு தலைமுறைக்குள் யப்பானியப் படைகளிலே துவக்கு முதன்மை பெற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு தெளிவாகின்றது. தனேகசிமாவுக்கு வந்தவர்கள் வணிகர். அவர்கள் துவக்கை விற்றனர். யாழ்ப்பாணத்துக்கு வந்தவன் ஆளுநன். அவன் துவக்கைக் காட்டித் திறை பெற்றான். யப்பானியக் கொல்லனுக்கு வாளடித்துப் பழகிய பரம்பரையும், உருக்கும், கற்றுக்கொள்வதற்கு ஓராண்டு அவகாசமும் இருந்தன. யாழ்ப்பாண மன்னனுக்கு அவ்வவகாசம் கிட்டவில்லை.

சிங்களக் கொல்லரின் வெற்றி

இலங்கைக்குள்ளேயே குழலை மாற்றுவதில் வெற்றி கண்டோர் இருந்தனர். சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னையும் அவன் மகன் முதலாம் இராசசிங்கனும் தம் படைகளுக்குத் துவக்கேந்தப் பயிற்சி அளித்தனர். 1587–88 ஆம் ஆண்டுகளில் இராசசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டபோது அவன் படையிலே வெடிப்படைக்கலம் நன்கு இடம்பெற்றிருந்தது. அக்காலத்தில் கோவாவில் இருந்த லின்ஸ்ஹோட்டன் என்னும் ஒல்லாந்தன், சிங்களக் கொல்லர் செய்யும் துவக்குக் குழல்கள் எங்குமில்லாத அழகுடையன என்றும் வெள்ளிபோல் ஒளிர்வன என்றும் எழுதியுள்ளான். அவன் புகழ்ந்தது துவக்கை அன்று, குழலையே என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. தன்னைச் சார்ந்தோர் கொண்டுவந்த கருவியின் மிக அரிய உறுப்பை மற்றோர் நாட்டார் தம்மினும் சிறப்பாகச் செய்வதைக் கண்டு வியந்த ஐரோப்பியன் ஒருவனின் சான்று அது.

இவ்வெற்றி திடீரெனத் தோன்றியதன்று. இலங்கையின் மலைசார்ந்த பகுதிகளில் இரும்பு உருக்கும் தொழில் மிகத் தொன்மையானது. சமனலவாவிப் பகுதியில் நிகழ்ந்த அகழாய்வுகள், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகப் பயன்படுத்திய உலைகளை வெளிப்படுத்தின. அவ்வுலைகள் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையான காலத்தைச் சேர்ந்தவை என 1990 களில் வெளியான ஆய்வுகள் காட்டின. இரும்புக் கனியமும், கரிக்கு வேண்டிய காடும், உலைக்கலையில் வழிவழி வந்த அறிவும் அங்கே ஒருங்கே இருந்தன. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் மலைநாட்டுக் குகைகளில் எடுக்கப்பட்டது. பிற்காலத்தில் அத்தொழிலை நேரிற் கண்ட ஜோன் டேவி, 1821 இல் வெளியான தமது நூலில் அதனை விவரித்துள்ளார். ஆகவே சிங்கள அரசுகள் குழலை மாற்றத் தீர்மானித்தபோது அத்தீர்மானத்தை நிறைவேற்றும் பொருள்வளம் அவர்தம் நிலத்திலேயே இருந்தது.

குடாநாட்டின் நிலமும் கடலும்

யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக்கல் நிலம். அங்கே இரும்புக் கனியம் இல்லை. வற்றாத ஆறும் இல்லை. உலைக்குக் கரி தரும் பெருங்காடும் இல்லை. பனையும் கிணறும் கடலுமே அந்நிலத்தின் செல்வம். ஊர்தோறும் கொல்லர் இருந்தனர் என்பது உண்மையே. அவர்கள் கலப்பைக் கொழுவும் கத்தியும் கோடரியும் அடித்தனர். ஆனால் அவர்தம் உலைக்கு வரும் இரும்பு குடாநாட்டுக்கு வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஒரு கத்திக்கு வேண்டிய இரும்பை வரவழைப்பது வேறு. ஒரு படைக்கு வேண்டிய குழல்களுக்கு இரும்பு வரவழைப்பது வேறு.

யாழ்ப்பாண அரசு வறிய அரசன்று. யானை ஏற்றுமதியும், சங்கு முத்துக் குளிப்பும், துறைமுக வரியும் அதன் வருவாய்க்கு அடிப்படையாக இருந்தன. வேண்டிய பொருளை விலைகொடுத்து வாங்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. எனவே அது மேற்கொள்ளத்தக்க வழி ஒன்றே: குழலைச் செய்வதற்குப் பதிலாக, குழலையும் அதனை ஏந்தும் வீரனையும் கடல் கடந்து வரவழைத்தல். கிடைக்கும் சான்றுகள் இவ்வழியே பின்பற்றப்பட்டதைக் காட்டுகின்றன. நெருக்கடி தோன்றிய ஒவ்வொரு முறையும் நல்லூர் மன்னர்கள் மலையாளக் கரையையோ தஞ்சையையோ நோக்கினர். இது மடமையான தீர்மானமன்று. நிலத்தின் இயல்புக்கு ஏற்ற தீர்மானமே. ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கடல் திறந்திருக்க வேண்டும். அந்தக் கடலோ படிப்படியாகப் போர்த்துக்கேயர் வசமாகிக்கொண்டிருந்தது.

1560 முதல் 1591 வரை

துவக்கு வந்ததோடு ஐயமும் அச்சமும் உடன்வந்தன என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1550 களின் நடுப்பகுதியில், கோட்டை மன்னன் தர்மபாலனின் தந்தையான வீதியே பண்டாரன் போர்த்துக்கேயருக்கும் மாயாதுன்னைக்கும் தப்பி யாழ்ப்பாணத்தில் அடைக்கலம் புகுந்தான். சங்கிலியும் அவனும் பொது எதிரிக்கு எதிராக உடன்படிக்கை செய்யும் பொருட்டுக் கோயிலொன்றிலே கூடினர். அவ்வேளையில் தற்செயலாகத் தீப்பொறி பட்டு வெடிமருந்து வெடித்தது. தன்னைக் கொல்லச் செய்த சதியென்று எண்ணிய வீதியே பண்டாரன் வாளை உருவினான். தொடர்ந்த கைகலப்பில் அவன் உயிரிழந்தான் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் கூறுவர். சிங்களப் படைத்தலைவன் ஒருவனும் தமிழ் மன்னன் ஒருவனும் இணைந்திருக்கக்கூடிய வாய்ப்பு சிறிதளவு மருந்தினால் அழிந்தது.

1560 இல் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ டி பிரகன்சா பெரும்படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி தலைநகரை விட்டு நீங்கினான். ஆயின் வெற்றி நிலைக்கவில்லை. மக்கள் கிளர்ந்தெழுந்தனர், பறங்கியர் குடாநாட்டை விட்டு வெளியேறி மன்னாரிலே கோட்டை அமைத்து அமைய நேர்ந்தது. குழலின் வலிமையால் ஒரு நகரைப் பிடிக்கலாம், ஆனால் மக்கள் உடன்படாத நிலத்தை அதனால் மட்டும் வைத்திருக்க முடியாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

இவ்வெற்றியே யாழ்ப்பாணத்துக்குத் தீங்காயும் முடிந்தது போலும். பழைய படைக்கலமும் மக்கள் எழுச்சியும் போதுமென்ற நம்பிக்கையை அது ஊட்டியிருத்தல் கூடும். ஆனால் 1560 இன் உண்மையான விளைவு நல்லூரில் அன்று, மன்னாரில் இருந்தது. மன்னார்க் கோட்டை எழுந்தபின் மலையாளக் கரையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் கடல்வழி பறங்கியரின் கண்காணிப்புக்கு உட்பட்டது. 1591 இல் அதன் பயன் தெரிந்தது. சாமூதிரியின் உதவியாக வந்த கடற்படையை அந்திரே பூர்த்தாடோ டி மென்டோன்சா மன்னாருக்கு அண்மையில் அழித்தான். அதன்பின் யாழ்ப்பாணத்தில் இறங்கி நல்லூரைத் தாக்கினான். மன்னன் புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கன் போர்த்துக்கேயரின் ஆதரவோடு அரியணை ஏறினான். கடலில் அழிந்த அந்த உதவிப்படையோடு யாழ்ப்பாணத்தின் இரவற் குழலும் அழிந்தது எனலாம்.

1619: தஞ்சையின் துணை

எதிர்மன்னசிங்கன் திறை செலுத்தும் மன்னனாயினும் முற்றிலும் பணிந்தவனல்லன். தென்னிந்தியாவிலிருந்து கண்டிக்குச் செல்லும் உதவிகள் யாழ்ப்பாணத் துறைகளூடாகவே சென்றன. போர்த்துக்கேயர் இவ்வரசை ஒழிக்க விரும்பியமைக்கு இதுவும் ஒரு முதன்மைக் காரணமாகும். அவன் 1617 இல் இறந்தபின் சங்கிலி குமாரன் அரச குடும்பத்தினரைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினான். மக்களிடையே எதிர்ப்புத் தோன்றியபோது தஞ்சை இரகுநாத நாயக்கரின் உதவியை நாடினான். அங்கிருந்து வந்த வடுகர் படையினால் எதிர்ப்பு அடக்கப்பட்டது. ஆனால் அப்படை பறங்கியரைத் தடுக்கப் போதவில்லை. 1619 யூன் மாதத்தில் பிலிப் டி ஒலிவேரா பூநகரி வழியாக வந்து நல்லூரைக் கைப்பற்றினான். கடல்வழியே தப்ப முயன்ற சங்கிலி பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மரணதண்டனைக்கு உள்ளானான். அடுத்த இரு ஆண்டுகளிலும் தஞ்சையின் துணையோடு எழுந்த கிளர்ச்சிகளும் தோல்வியுற்றன.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. உதவி அனுப்பிய தஞ்சை, குழற்கலையில் பின்தங்கிய நாடன்று. தஞ்சாவூர்க் கோட்டையின் கீழ்வாயிலருகே பீரங்கிமேட்டில் இன்றும் கிடக்கும் பெரும்பீரங்கி இரகுநாத நாயக்கர் காலத்தது எனக் கருதப்படுகின்றது. ஏறக்குறைய ஏழரை மீற்றர் நீளமான அக்குழல் வார்க்கப்பட்டதன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, அவற்றின்மேல் இரும்பு வளையங்களைச் சூடேற்றிப் பூட்டி, அடித்து ஒன்றாக்கிய அமைப்பு அது. 2004 இல் வெளியான உலோகவியல் ஆய்வொன்று அதன் தொழினுட்பத்தை வியந்து விளக்கியுள்ளது. எடை இருபது தொன்னுக்கு மேல் இருக்கலாமென மதிப்பிடப்படுகின்றது.

ஆனால் அத்தகைய குழலால் யாழ்ப்பாணத்துக்கு என்ன பயன்? அது கோட்டைமேட்டில் அசையாது இருந்து நகரைக் காக்கும் குழல். பாக்கு நீரிணையைக் கடக்க வேண்டியதோ கப்பலில் ஏறும் குழல். பறங்கியரின் பலம் குழலின் பருமனில் இருக்கவில்லை. குழலைக் கப்பலிலேற்றி வேண்டிய கரைக்கு வேண்டிய நேரத்தில் கொண்டுசெல்லும் ஒழுங்கில் இருந்தது. உலகிலேயே பெரிய குழலொன்றைச் செய்யவல்ல நட்பரசு அருகிலிருந்தும், யாழ்ப்பாணம் வீழ்ந்தமைக்கு இதுவே விளக்கமாகும்.

துவக்கு மட்டும் போதுமா?

குழலை மாற்றியிருந்தால் யாழ்ப்பாணம் தப்பியிருக்கும் என்று கூறிவிடலாமா? அவ்வாறு கூறுவதற்கும் வரலாறு இடந்தரவில்லை. கண்டி அரசு தப்பியது. ஆனால் துவக்கினால் மட்டும் தப்பவில்லை. 1630 இல் இரந்தெனிவெலைப் போரில் கொன்ஸ்தந்தீனோ டி சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி படையுடன் அழிந்தான். பெருமழை பெய்து திரியும் மருந்தும் நனைந்து அவன் படையின் துவக்குகள் பயனற்றுப் போனமையும், உடனிருந்த உள்ளூர்ப் படையினர் கட்சி மாறியமையும் அத்தோல்விக்குக் காரணங்களாம். மலையும் காடும் மழையும் கண்டியின் பக்கம் நின்றன. சமதரையான குடாநாட்டில் ஒளிந்து பின்வாங்கத்தக்க மலையில்லை. தலைநகர் கடற்கரையிலிருந்து சில மணி நேர நடைத் தொலைவிலே இருந்தது.

மேலும், ஒலிவேராவின் படையிலும் பெரும்பாலோர் இலங்கையரான இலஸ்கரின்களே. பறங்கியரும் இரவல் வலிமையிலேயே போரிட்டனர் என்பதை மறத்தலாகாது. வேறுபாடு யாதெனின், அவர்தம் இரவல் நிலத்திலேயே கிடைத்தது; யாழ்ப்பாணத்தின் இரவல் பகைவர் காத்துநின்ற கடலைக் கடந்து வரவேண்டியிருந்தது.

வென்றவர்களும் இதே வினாவிலிருந்து தப்பவில்லை. நல்லூரை விட்டு யாழ்ப்பாண நகரில் போர்த்துக்கேயர் கட்டிய நாற்கோணக் கோட்டை, ஒல்லாந்தரின் பீரங்கிகளுக்கு முன் 1658 இல் ஏறக்குறைய மூன்று மாத முற்றுகைக்குப் பின் பசியாலும் நோயாலும் நலிந்து பணிந்தது. அம்முற்றுகையில் உடனிருந்த மதகுரு பல்டேயஸ் தமது நூலில் அதனைப் பதிந்துள்ளார். ஒல்லாந்தர் 1680 முதல் அதனை ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினர். குண்டுகளின் தாக்கத்தை மண்ணடைந்த தடித்த சுவர் விழுங்கவும், எந்த மூலையிலிருந்தும் அடுத்த மூலையைக் காத்துச் சுடவும் ஏற்ற வடிவம் அது. வெளியரண்கள் 1792 இல் நிறைவுற்றன. மூன்றே ஆண்டுகளில், 1795 செப்டெம்பரில், அக்கோட்டை ஆங்கிலேயரிடம் போரின்றி ஒப்படைக்கப்பட்டது. ஐரோப்பாவில் ஒல்லாந்து நாடே வீழ்ந்திருக்க, யாழ்ப்பாணத்துச் சுவர் யாரைக் காக்கும்?

முடிவுரை

1736 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்க மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, அரசின் வீழ்ச்சிக்குக் காக்கைவன்னியன் என்னும் ஒருவனின் காட்டிக்கொடுப்பைக் காரணமாக்குகின்றது. இரு சங்கிலிகளின் செய்திகளும் அந்நூலில் ஒன்றாய்க் கலந்துள்ளமையைச் சுவாமி ஞானப்பிரகாசர் முதலிய ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். எனினும் மக்கள் நினைவில் நிலைத்திருப்பது காக்கைவன்னியனின் பெயரே. ஒரு துரோகியைக் கண்டுபிடித்துவிட்டால் தோல்விக்கு விளக்கம் கிடைத்துவிடுகின்றது. அவன் இல்லாதிருந்தால் எல்லாம் நன்றாய் முடிந்திருக்கும் என்ற ஆறுதலும் கிடைக்கின்றது.

அந்த ஆறுதலுக்குச் சமூகம் கொடுக்கும் விலை பெரிது. காட்டிக்கொடுப்போர் எல்லா அரசுகளிலும் இருந்தனர். சீதாவாக்கையிலும் கண்டியிலும் இருந்தனர். ஆயினும் அவ்வரசுகள் நீண்டகாலம் எதிர்த்து நின்றன. யாழ்ப்பாணத்தின் தோல்வியை ஒருவனது குணத்திலே தேடுவது, அதன் நிலத்திலும் கடலிலும் பொருளியலிலும் இருந்த காரணங்களைக் காணாதிருக்கச் செய்துவிடுகின்றது. இரும்பு இல்லாத நிலத்தில் ஆண்ட மன்னர்கள் அறிவிலிகளல்லர், கோழைகளுமல்லர். குழலை மாற்றுவதா என்ற வினாவுக்கு அவர்கள் தமக்கு இயன்ற விடையையே கண்டனர். அந்த விடை கடலை நம்பியிருந்தது. கடல் கைவிட்டபோது விடையும் பொய்த்தது.

1560 இல் மன்னாரிலே பறங்கியர் கோட்டைக்குக் கல் அடுக்கிய நாளிலேயே 1619 தொடங்கிவிட்டது. நல்லூரில் அன்று வெற்றியைக் கொண்டாடியவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. பின்வந்தோர் அதனை அறிந்துகொள்வது, இறந்துபோன ஒருவனை ஏசுவதிலும் பயனுடைய வரலாற்றுக் கல்வியாகும்.